தெருநாய்க் குட்டியைப் பழக்குவது எப்படி? குரைப்புக்குச் சம்பளம் கொடுத்த ஒருவனின் வழிகாட்டி

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில், தெருமுனை இஸ்திரி வண்டிக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கிவந்தேன். இரண்டு மாதம் இருக்கும். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அப்பா "மணி" என்றார், அதுவே நிலைத்தது. அடுத்த பதினோரு மாதங்களில் இரண்டு ஜோடி செருப்பு, சோபாவின் ஒரு மூலை, கீழ்வீட்டாரோடு இருந்த சுமுகம் ஆகியவற்றை இழந்தேன். ஒரு பயிற்சியாளருக்கு மாதம் 4,000 ரூபாய் வீதம் இரண்டு மாதம் கொடுத்தேன். முடிவில் மணி முன்பைவிட அதிகமாகக் குரைத்தான். கூடவே, யாராவது கையைத் தூக்கினால் கட்டிலுக்கு அடியில் ஓடிப் பதுங்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டது.

ஒருநாள் நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது அவன் குரைத்தான். வாயை அடைக்க ஒரு பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டேன். தின்றான். என் முகத்தைப் பார்த்தான். நிதானமாக இன்னொரு முறை குரைத்தான். அப்போதுதான் உறைத்தது: ஏறத்தாழ ஒரு வருடமாக இவனுக்குக் குரைப்பதற்குச் சம்பளம் கொடுத்து வந்திருக்கிறேன், அதுவும் தவறாமல்.

அதன் பிறகுதான் கற்றல் பற்றிய உளவியலைப் படிக்க ஆரம்பித்தேன். பி.எட். படித்தவர்கள் "ஆக்கநிலையிறுத்தம்" (ஆங்கிலத்தில் கண்டிஷனிங்) என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டு மறந்த அதே பாடம்தான். வரலாறு உங்களுக்கு வேண்டாம். இரண்டு விஷயங்கள் போதும். ஒன்று, ரஷ்ய அறிவியலாளர் பாவ்லவ் காட்டியது: எதைத் தொடர்ந்து எது வருகிறது என்று நாய் கணக்கு வைத்துக்கொள்கிறது, அதன் பயமும் மகிழ்ச்சியும் அந்தக் கணக்கிலிருந்து வருகின்றன. இரண்டு, அமெரிக்க உளவியலாளர்கள் தார்ண்டைக்கும் ஸ்கின்னரும் காட்டியது: தான் ஒன்றைச் செய்ததும் நல்லது கிடைத்தால் நாய் அதை மறுபடி செய்யும், கிடைக்காவிட்டால் மெல்ல விட்டுவிடும். நீங்கள் பயிற்சி நேரம் என்று ஒதுக்கும் ஐந்து நிமிடத்தில் மட்டும் இது நடக்கவில்லை. நாள் முழுவதும் நடக்கிறது.

நான் செய்த வரிசை தலைகீழானது. நீங்கள் கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள்.

1. முதல் வாரம் எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள், எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் பத்தியில், அதற்கு முன் என்ன நடந்தது. நடுவில், நாய் என்ன செய்தது. மூன்றாவதில், உடனே நாய்க்கு என்ன கிடைத்தது. என் நோட்டிலிருந்து மூன்று வரிகள்:

காலை 6.40. பால் பாக்கெட் போடுபவரின் காலடிச் சத்தம். குரைத்தான். அவர் போய்விட்டார்.

மதியம் 1.15. அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அவர் முழங்காலில் முன்னங்காலை வைத்தான். ஒரு துண்டு அப்பளம்.

இரவு 9.05. நான் கணினியில் இருந்தேன். என் செருப்பைக் கவ்வினான். எழுந்து வீடு முழுக்கத் துரத்தினேன்.

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். துரத்தியதை நான் தண்டனை என்று நினைத்தேன். பகல் முழுவதும் தனியாகக் கிடந்த குட்டிக்கு அது அன்றைய நாளின் மிகச் சிறந்த விளையாட்டு. திட்டுவதும் அப்படித்தான். எது பரிசு, எது தண்டனை என்று தீர்மானிப்பது நாய். அடுத்த வாரம் அந்தச் செயல் கூடினால், நீங்கள் கொடுத்தது பரிசு. எந்த நினைப்பில் கொடுத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

நோட்டில் "அடம்", "பொறாமை", "பழிவாங்குகிறது" போன்ற சொற்களை எழுதாதீர்கள். அவை உங்களைப் பற்றிய குறிப்புகள். கண்ணால் கண்டதை மட்டும் எழுதினால் ஏழாம் நாள் நோட்டே உங்களுக்குப் பாதி வழியைச் சொல்லிவிடும்.

2. ஊசி, உரிமத் தாள்களை முடித்துவிடுங்கள்

இது பயிற்சிக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும். ஆனால் தடுப்பூசி முடியாத குட்டியை வெளியே நடத்திச் செல்ல முடியாது. வெளியே போகாத குட்டிக்கு உலகம் பழகாது. ஆகவே எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

எடுத்துவந்த அன்றே அல்லது மறுநாள் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு மருந்து கொடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள், மூன்று மாதம் நிரம்பியதும் ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுதோறும். சரியான தேதிகளை மருத்துவர் அட்டையில் எழுதித் தருவார். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தனியார் மருத்துவமனையைவிட மிகக் குறைந்த செலவில் முடியும் இடம். காலையில் சீக்கிரம் போங்கள், வரிசை நீளம். தனியார் இடத்தில் மணிக்கு முதல் மூன்று மாதத்தில் ஊசி, மருந்து, ஆலோசனை எல்லாம் சேர்த்து எனக்கு ஏறத்தாழ 4,500 ரூபாய் ஆனது.

அட்டையை வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள்: ஊசி மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டு, தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை. எனக்கு முத்திரை விட்டுப்போயிற்று. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதற்காக இன்னொரு முறை அலைந்தேன்.

பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்குள் செல்லப்பிராணி உரிமம் கட்டாயம். விண்ணப்பம் இணையவழி. உங்கள் புகைப்படம், நாயின் புகைப்படம், முகவரிச் சான்று, செல்லுபடியாகும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்று ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். நான் கட்டியபோது ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய். இப்போது நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்துவதும் கட்டாயமாகியிருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் கட்டணத்தை மாநகராட்சி இணையதளத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். நாயின் படம் முகம் தெரியும்படி தெளிவாக இருக்கட்டும். நான் முதலில் ஏற்றிய படத்தில் மணியின் வால் மட்டும்தான் கூர்மையாகத் தெரிந்தது.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். சண்டைக்கு முதலிலேயே நீட்டாதீர்கள்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. ஊசி போடாத தெருக்குட்டி கடித்தாலோ பிராண்டினாலோ, "குட்டிதானே" என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம்.

குட்டிக்கு உலகம் எளிதாகப் பழகும் பருவம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்ளத் தொடங்கும். தடுப்பூசி அட்டவணையும் அதே வாரங்களில்தான் ஓடுகிறது. ஊசி முடியட்டும் என்று நான் மூன்று மாதம் மணியை வீட்டுக்குள்ளேயே வைத்தேன். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றிய தாத்தா என்று எதைப் பார்த்தாலும் பிறகு அவன் அலறியதற்கு அதுவே காரணம். நீங்கள் குட்டியைத் தோளிலோ பையிலோ வைத்துத் தரையில் விடாமல் வெளியே கொண்டுபோங்கள். தினம் பத்து நிமிடம், பஸ் நிறுத்தத்தின் ஓரத்தில் நின்றுவிட்டு வந்தால் போதும்.

3. கூலியைத் தேர்ந்தெடுங்கள்

டீக்கடைப் பொறை மலிவு. பெரும்பாலான தெருநாய்கள் அதற்கு வாலாட்டும். ஆனால் அது பெரிது, மெல்ல நேரமாகும், இரண்டு தின்றதும் ஆசை தீர்ந்துவிடும். பயிற்சிக்கு வேண்டியது பட்டாணி அளவில், ஒரே விழுங்கில் போகக்கூடிய துண்டு. உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரலைப்போல மணியை மயக்கியது வேறெதுவும் இல்லை. கால் கிலோ ஈரல் 40 ரூபாய்க்குள் முடிந்தது. நறுக்கிச் சிறு டப்பாக்களில் உறையவைத்தால் ஒரு வாரத்துக்கு வரும். சைவ வீடு என்றால் பனீர் துண்டு, வேகவைத்த சர்க்கரைவள்ளி.

இரண்டு தர வரிசை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் எளிய வேலைக்குச் சாதாரணக் கூலி. பட்டாசு, மருத்துவர், தெருவில் எதிரே வரும் நாய் போன்ற கடினமான வேலைகளுக்கு ஈரல். ஈரலைத் தினமும் சும்மா கொடுத்துவிட்டால் அதன் மதிப்பு போய்விடும். கொடுக்கும் கூலியை அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுங்கள். வயிறு நிறைந்த நாய் வேலை செய்யாது.

திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பாயசத்தை நக்க விடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

4. ஓர் அடையாள ஒலியை உண்டாக்குங்கள்

நாய் உட்கார்ந்த கணத்துக்கும் ஈரல் வாய்க்குப் போகும் கணத்துக்கும் இடையே நீங்கள் டப்பாவைத் திறக்க வேண்டும், குனிய வேண்டும். அதற்குள் நாய் எழுந்து நின்றுவிடும். அப்போது கூலி எழுந்ததற்குப் போய்ச் சேர்கிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் கிளிக்கர் என்கிற சிறு பொத்தான் கருவி. 100 ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. அழுத்தினால் டக்கென்று ஒலிக்கும் பேனா போதும்.

செய்முறை: டக். ஓரிரு விநாடிக்குள் ஈரல். மறுபடி டக். ஈரல். இப்படி ஒரு வேளைக்குப் பதினைந்து, இருபது முறை, இரண்டு நாள். நாய் எதுவும் செய்ய வேண்டாம். ஒலி கேட்டதும் தலையைத் திருப்பி உங்கள் கையைத் தேடினால் வேலை முடிந்தது. இது அப்படியே பாவ்லவின் பாடம். பாடப்புத்தகம் அவர் நாய்க்கு உணவு தருமுன் மணியடித்ததாகச் சொல்லும். அவருடைய ஆய்வுக்கூடத்தில் மெட்ரோனோம் என்கிற தாளக்கருவி முதல் பலவகைக் கருவிகள் இருந்தன. எங்கள் வீட்டில் மணிக்குப் பேனா.

பெரும்பாலோர் விழும் குழி இதுதான்: ஒலி எழுப்புவதற்கு முன்பே கை டப்பாவுக்குள் போய்விடும். நாய் கையைப் பார்த்தே உணவு வருவதைத் தெரிந்துகொள்வதால், ஒலியால் அதற்குப் புதிய தகவல் எதுவும் இல்லை. எத்தனை நூறு முறை செய்தாலும் ஒலி பழகாது. முதலில் ஒலி, பிறகே கை. இதைச் சரியாகச் செய்ய எனக்கு நான்கு நாள் பிடித்தது, மணிக்கு ஒன்றரை நாள்.

ஒலித்துவிட்டால், தவறுதலாக ஒலித்திருந்தாலும், கூலி கொடுத்தே ஆக வேண்டும். கடன் சொல்லாதீர்கள்.

5. முதல் இரண்டு பாடங்கள்: கழிப்பும் உட்காருவதும்

கழிப்பிடப் பழக்கத்தில் பாதி கடிகாரம் பார்க்கும் வேலை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். இரண்டு மாதக் குட்டி விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்காது. போய் முடித்த அந்த நொடியில், அந்த இடத்திலேயே கூலி. நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் அவன் கற்றது, வீட்டுக்குள் நுழைந்தால் ஈரல் கிடைக்கும் என்பது. பாதியிலேயே நிறுத்திவிட்டு உள்ளே ஓடிவர ஆரம்பித்தான்.

வீட்டுக்குள் போயிருந்தால் மூக்கைப் பிடித்துத் தேய்க்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் செய்ததையும் இப்போது விழும் அடியையும் நாயால் முடிச்சுப் போட முடியாது. தரையில் ஈரமும் நீங்களும் சேர்ந்திருந்தால் ஆபத்து என்று மட்டும் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போய் முடிக்கும். ஃபினாயில் உங்கள் மூக்கைத்தான் ஏமாற்றும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைத்தால்தான் அந்த வாடை போகும். நாய் அந்த இடத்தை மறக்கும்.

உட்காருவதற்கு, ஈரல் துண்டை மூக்கருகே வைத்து மெல்ல மேலே தூக்கிப் பின்னால் கொண்டுபோங்கள். தலை உயர்ந்தால் இடுப்பு தானே தாழும். தரை தொட்டதும் டக், கூலி. ஐந்தாறு முறைக்குப் பிறகு கையில் ஈரல் இல்லாமல் அதே சைகை. "உட்கார்" என்ற சொல்லைக் கடைசியில் சேருங்கள், சைகைக்கு அரை நொடி முன்னால். ஆரம்பத்திலேயே "உட்கார் உட்கார் உட்கார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தச் சொல் மின்விசிறிச் சத்தத்தைப்போல ஆகிவிடும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒரு சொல், அண்ணன் மகனுக்கு "சிட்", அப்பாவுக்கு வெறும் உறுமல். கடைசியில் ஒரு தாளில் ஐந்து சொற்களை எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினோம்.

ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று வேளை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்று சேர்த்து வைப்பது வீண்.

6. அப்பளக் கணக்கு

இந்தப் படியில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன. நாங்களும் மூன்று முறை தோற்றோம்.

புதிய பழக்கத்துக்கு ஒவ்வொரு முறையும் கூலி கொடுக்க வேண்டும். பழக்கம் நிலைத்த பிறகு, பத்துக்கு எட்டு தடவை சரியாகச் செய்யும் நிலை வந்ததும், கூலியை ஒழுங்கற்றதாக்குங்கள். ஒருமுறை கொடுங்கள், அடுத்த இரண்டு முறை வெறும் தட்டிக்கொடுப்பு, பிறகு திடீரென்று மூன்று துண்டு. எப்போது வரும் என்று தெரியாத கூலிக்கு உயிர்கள் விடாப்பிடியாக உழைக்கும். ஸ்கின்னர் புறாக்களிடம் கண்டதைத் தமிழ்நாடு 2003-இல் தடைசெய்த லாட்டரிச் சீட்டில் நாம் மனிதர்களிடம் கண்டோம். விழுந்துகொண்டே இருந்தால் யாரும் அடிமையாகியிருக்க மாட்டார்கள். என்றோ ஒருநாள் விழும் என்பதுதான் பிடிப்பு.

இப்போது அப்பாவின் அப்பளத்துக்கு வருவோம். சாப்பாட்டு மேசையில் மணி கெஞ்சக் கூடாது, யாரும் எதுவும் போடக் கூடாது என்று முடிவெடுத்தோம். கூலி நின்றால் செயலும் நிற்கும். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நிற்பதற்கு முன் அது ஏறும். பணம் போட்டும் காப்பி வராத இயந்திரத்தை நாம் என்ன செய்கிறோம்? பொத்தானை ஓங்கி அழுத்துகிறோம், பிறகு தட்டுகிறோம், உதைக்கிறோம். நாயும் அதைத்தான் செய்யும். என் நோட்டில் முதல் நாள் எட்டு நிமிடம் முனகல். இரண்டாம் நாள் பதினைந்து நிமிடம், குரைப்போடு. மூன்றாம் நாள் இருபத்திரண்டு நிமிடம். மேசைவிரிப்பைப் பிடித்து இழுத்தான். நான்காம் நாள் அப்பா பொறுக்க முடியாமல் ஒரு துண்டு போட்டுவிட்டார்.

அந்த ஒரு துண்டு என்ன செய்தது என்று பாருங்கள். இருபத்திரண்டு நிமிடம் கத்தி, விரிப்பை இழுத்தால் அப்பளம் வரும் என்று கற்றுக்கொடுத்தது. முன்பு ஒரு முனகலுக்குக் கொடுத்த கூலியை இப்போது பெரும் ரகளைக்குக் கொடுத்தோம். அதோடு "என்றோ ஒருநாள் வரும்" என்ற லாட்டரியாகவும் ஆக்கிவிட்டோம். இரண்டாம் முயற்சியில் ஆறாம் நாள் விருந்தாளி ஒருவர். மூன்றாம் முயற்சியில் சத்தியமாக நான்.

நான்காவது முயற்சியில் முறையை மாற்றினோம். வெறுமனே நிறுத்துவதைவிட, அந்த நேரத்தில் வேறு ஒரு வேலைக்குக் கூலி கொடுப்பது எளிது. கூடத்தின் மூலையில் ஒரு பழைய பாய். சாப்பாட்டு நேரத்தில் பாயில் கிடந்தால் இடையிடையே நான் எழுந்துபோய் ஈரல் போடுவேன். பாயில் கிடக்கும் நாயால் முழங்காலில் கால் வைக்க முடியாது. மேசையருகே வந்தால் அப்பாவுக்கு அவன் கண்ணுக்கே தெரியாது. அதை அப்பாவுக்குப் பழக்கத்தான் அதிக நேரம் ஆயிற்று. முதல் மூன்று நாள் ஏற்றம். ஒன்பதாம் நாள் முனகல் இரண்டு நிமிடம். பதினாறாம் நாள் சுத்தமாக இல்லை. இருபத்தைந்தாம் நாள், எந்தக் காரணமும் இல்லாமல், மறுபடி வந்து கால் வைத்தான். பயப்படாதீர்கள். நின்றுபோன பழக்கம் இப்படித் தானாகவே ஒருமுறை எட்டிப் பார்க்கும். கண்டுகொள்ளாமல் இருந்தால் முதல் தடவையைவிடச் சீக்கிரம் அடங்கும்.

ஆகவே, ஒரு பழக்கத்தை நிறுத்தும் வேலையைத் தொடங்குமுன் நாள்காட்டியைப் பாருங்கள். அடுத்த மூன்று வாரத்தில் திருமணம், விருந்தாளி, தேர்வு எதுவும் இருக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் ஒத்துழைக்க மாட்டார் என்று தெரிந்தால் தொடங்கவே வேண்டாம். பாதியில் விடுவது, தொடங்காமல் இருப்பதைவிடக் கெடுதல்.

குரைப்பை முற்றாக ஒழிக்கவும் முயலாதீர்கள். ஸ்கின்னரிடம் படித்த பிரிலேண்ட் தம்பதி, காசைப் பெட்டியில் போட்டால் உணவு என்று ரக்கூன் என்கிற அமெரிக்கக் காட்டுவிலங்குகளுக்குப் பழக்கப் பார்த்தார்கள். அவை காசைப் போடாமல், உணவைக் கழுவுவதுபோல் இரண்டு காசுகளை உரசிக்கொண்டே இருந்தனவாம். கூலியைவிட அவற்றின் பிறவிக்குணம் பலமாக இருந்தது. 1961-இல் அதை அவர்களே எழுதி ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டு நாய் காலங்காலமாகத் தெருவைக் காத்து வந்தது. இரண்டு குரைப்பு அதன் உரிமை. மூன்றாவதில் கூப்பிட்டு வேறு வேலை கொடுங்கள்.

7. தீபாவளிக்கு ஆடியிலேயே தொடங்குங்கள்

பட்டாசுப் பயம் பாவ்லவ் வகையைச் சேர்ந்தது. நாய் எதையும் "செய்யவில்லை", பயப்படுகிறது. அதனால் "பயத்தில் நடுங்கும்போது தடவிக்கொடுத்தால் பயத்துக்குப் பரிசு கொடுத்ததாகும்" என்ற அறிவுரையை ஒதுக்கிவிடுங்கள். தடவிக்கொடுங்கள், ஒன்றும் ஆகாது.

பயத்தைக் குறைக்கும் வழியை 1924-இலேயே உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் ஒரு சிறுவனிடம் செய்து காட்டினார். முயலுக்குப் பயந்த அவனுக்குப் பிடித்த உணவு கொடுத்துக்கொண்டே, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். நமக்கு முயலுக்குப் பதில் வெடிச்சத்தம். தீபாவளிக்கு இரண்டரை மூன்று மாதம் முன்பே, வெடிச்சத்தப் பதிவைத் தொலைபேசியில் காதுக்குக் கேட்டும் கேட்காத அளவில் வையுங்கள். சத்தம் வந்ததும் ஈரல். சத்தம் நின்றதும் ஈரலும் நிற்க வேண்டும். நாய் நிம்மதியாகத் தின்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை ஒலியை ஒரு புள்ளி கூட்டுங்கள். தின்ன மறுத்தால், காதைப் பின்னுக்கு மடித்தால், கொட்டாவி விட்டால், அளவு கூடிவிட்டது. இரண்டு புள்ளி இறக்குங்கள்.

வரிசை முக்கியம். நான் முதலில் ஈரலைக் காட்டி, அவன் வந்ததும் சத்தம் வைத்தேன். ஒரு வாரத்தில் அவன் ஈரல் டப்பாவுக்கே பயந்தான். பழகட்டும் என்று மொட்டைமாடிக்கு இழுத்துப்போய் நிறுத்துவதும் வேண்டாம். கூடத்தில் பழகியது மாடியில் செல்லாது. இடம் மாறினால் பழைய பயம் அப்படியே திரும்பும். ஒவ்வொரு அறையிலும் குறைந்த ஒலியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தீபாவளியன்று வெடிக்க அரசு அனுமதிக்கும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தெருவில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை என்பதால் முந்தைய நாளே தயாராகிவிடுங்கள்: வெளிச்சம் குறைந்த உள்ளறை, மின்விசிறி முழுவேகம், கழுத்துப்பட்டையில் உங்கள் எண். நடையை அதிகாலை ஐந்துக்கே முடித்துவிடுங்கள். கடுமையாகப் பயப்படும் நாய்க்கு மருந்து உண்டு. இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

8. பயிற்சியாளரை வைப்பதென்றால்

இந்த நாட்டில் நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட எந்தச் சான்றிதழும் கட்டாயமில்லை. ஆகவே கேள்விகள் நீங்கள்தான் கேட்க வேண்டும். மூன்றே மூன்று: நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? தவறாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? பயிற்சியின்போது நான் கூட இருக்கலாமா? இரண்டாவது கேள்விக்குச் "சங்கிலியை ஒரு சுண்டு சுண்டினால் போதும் சார்" என்று பதில் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நான் அனுப்பவில்லை. கழுத்தை இறுக்கும் சங்கிலியோடு வந்தவர் இரண்டே வாரத்தில் மணியை "அடக்கி"க் காட்டினார். அவன் அசையாமல் படுத்துக் கிடந்தான். எனக்கும் பெருமையாக இருந்தது. உளவியலாளர்கள் செலிக்மனும் மையரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வை இதற்குப் பிறகுதான் படித்தேன். எப்படியும் தப்ப முடியாதபடி மின்னதிர்ச்சி பெற்ற நாய்கள், பிறகு தப்ப வழி இருந்தபோதும் முயலாமல் படுத்தே கிடந்தன. நான் பெருமைப்பட்டது அதைப் பார்த்துத்தான்.

அடிப்பதில் இன்னொரு சிக்கல், நாய் எதோடு அதை முடிச்சுப் போடும் என்பது உங்கள் கையில் இல்லை. தெருவில் குழந்தையைப் பார்த்துக் குரைத்ததற்குச் சங்கிலி இறுகினால், குழந்தை வந்தால் கழுத்து வலிக்கும் என்று அது கற்கலாம். உறுமலுக்கு அடித்தால் உறுமுவதை நிறுத்தும். பயம் அப்படியே இருக்கும். பிறகு ஒருநாள் உறுமாமலே கடிக்கும். உறுமல் அது நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை.

"ஒரு மாதம் எங்களிடம் விடுங்கள், பழக்கித் திருப்பித் தருகிறோம்" என்ற திட்டங்களுக்கு நான் விசாரித்தபோது 15,000 ரூபாய்க்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. அங்கே, அவர்கள் கையில், அந்த வாசனையில் கற்றது அங்கேயே நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். அந்தப் பணத்தில் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சொல்லித் தருபவரை வையுங்கள். பழக வேண்டிய கை உங்களுடையது.

9. எவ்வளவு ஆகும், எத்தனை நாள்

அடையாள ஒலிக்கு இரண்டு நாள். உட்கார, ஒரு வாரம். அதே சொல் தெருவிலும் செல்லுபடியாக இன்னும் ஆறு வாரம். கழிப்பிடம் ஒழுங்காக இரண்டு மாதம், இடையில் இரண்டு மூன்று விபத்துகளோடு. மேசைக் கெஞ்சல் மூன்று வாரம். பட்டாசு முதல் ஆண்டில் பாதிதான் சரியாயிற்று. சென்ற தீபாவளிக்கு மணி கட்டிலுக்கு அடியில் போகாமல் என் காலடியில் படுத்திருந்தான்.

பணம்: நோட்டு, பேனா, பாய், கழுத்துப்பட்டை, மூன்று மீட்டர் வார், துப்புரவுத் திரவம் எல்லாம் சேர்ந்து 1,400 ரூபாய். ஈரல் மாதம் 160. மருத்துவச் செலவு மேலே சொன்னது. பயிற்சியாளருக்குக் கொடுத்த 8,000-ஐ நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது என் படிப்புச் செலவு.

முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காஸ் சிலிண்டர் கொண்டுவருபவரைப் பார்த்தால் மணி இன்றும் வீடதிரக் குரைக்கிறான். நோட்டைப் புரட்டினால் காரணம் தெளிவாக இருக்கிறது: அவர் வருகிறார், இவன் குரைக்கிறான், அவர் போய்விடுகிறார். இவன் கணக்கில் ஒவ்வொரு முறையும் குரைப்பு வென்றிருக்கிறது, கூலி கொடுப்பவர் சிலிண்டர்காரரே. அவர் ஐந்து நிமிடம் நின்று ஈரல் போட்டால் மாறும். மாதம் ஒருமுறை, மூன்று மாடி ஏறி, சிலிண்டரை இறக்கிவிட்டு மூச்சு வாங்குபவரிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. மணியை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வாங்கிக்கொள்கிறேன்.